ஜிம் ஜாய்ஸ்: ஒரு பேஸ்பால் நடுவரின் பணிக்காலம்

அமெரிக்க பேஸ்பால் நடுவர் ஜிம் ஜாய்ஸ் என்றதும் எல்லோரும் சொல்வது 2010 ஜூன் 2 அன்று அவர் கொடுத்த ஒரு தவறான தீர்ப்பைத்தான். 1978-இல் கீழ்மட்ட லீக்கில் தொடங்கி, 1987-இல் அமெரிக்க பேஸ்பாலின் உச்சமட்டமான மேஜர் லீக்கில் முதன்முதலாகக் களமிறங்கி, 1989-இல் நிரந்தரமாகி, 2016 சீசன் முடியும்வரை நின்ற ஒருவரின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு நொடிக்குள் அடங்கிப்போனது எனக்கு நெடுநாளாகவே உறுத்தலாக இருக்கிறது. அந்தத் தீர்ப்பு சரி என்று வாதாட நான் வரவில்லை. அது தவறு என்பதை அவரே அன்றிரவே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் நடுவர் என்ற தொழிலில் அவருக்கு இருந்த தேர்ச்சியை அளக்க வேண்டுமென்றால், அதற்குப் பொருத்தமான தீர்ப்பு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2013-இல் வந்தது, அது பெரும்பாலும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதே இல்லை என்பதுதான் என் வழக்கு.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் யாரும் முறையிடாவிட்டால் நடுவர் அவுட் கொடுக்க மாட்டார். பேஸ்பாலில் அந்த ஓய்வு கிடையாது. பேட்டர் நிற்குமிடமும், ஓடுபவர் சுற்றி வந்து தொட்டால் ரன் கிடைக்கும் இடமுமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் தோளுக்கு மேலாகக் குனிந்து நிற்கும் நடுவர், பேட்டர் மட்டையை வீசாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் அது ஸ்ட்ரைக்கா (அடிக்கக்கூடிய எல்லைக்குள் வந்ததா) பாலா (எல்லைக்கு வெளியே போனதா) என்று உடனே சொல்லியாக வேண்டும். ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 300 பந்துகள் வீசப்படுகின்றன; அவற்றில் சரிபாதி அளவுக்கு நடுவரின் வாயிலிருந்து தீர்ப்பு வர வேண்டியவை. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, அதை வீசும் பிட்சரின் கையிலிருந்து அங்கே வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் 0.4 விநாடி. வளைந்து வரும் பந்து கேட்ச்சரின் கையுறையில் விழும் இடத்துக்கும் அது பிளேட்டைக் கடந்த இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும் என்பதால், எங்கே விழுந்தது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் உதவாது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஏறும் ஏணி மிகக் குறுகலானது. மேஜர் லீக்கில் இன்று இருக்கும் நிரந்தர நடுவர் பணியிடங்கள் 76. நால்வர் கொண்ட குழுக்களாக 19 குழுக்கள். யாராவது ஓய்வு பெற்றால்தான் இடம் காலியாகும், பல ஆண்டுகளில் அது ஓரிரு இடங்களைத் தாண்டாது. ஜாய்ஸ் சேர்ந்த காலத்தில் இதற்கு வழி நடுவர் பயிற்சிப் பள்ளிகள்தாம். சில வாரப் பயிற்சியில் சிறப்பாகத் தேறியவர்களைக் கீழ்மட்ட மைனர் லீக்குக்கு அனுப்புவார்கள். அங்கே நான்கு நடுவர்கள் இருக்க மாட்டார்கள், இரண்டே பேர். ஒருவர் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க, மற்றவர், ஓடுபவர்கள் வரிசையாகத் தொட வேண்டிய மூன்று பேஸ்களையும் ஓடி ஓடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அடுத்த ஊருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போவதும் அவர்கள் பொறுப்பு. சம்பளம் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டுமே என்பதால் குளிர்காலத்தில் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டும். ஆட்டக்காரர்களுக்காவது சொந்த ஊர் மைதானம் என்று ஒன்று இருக்கிறது; நடுவருக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்.

ஜாய்ஸ் 1955-இல் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் பிறந்தவர். அதே மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழக அணியில் பிட்சராக இருந்தவர், ஆட்டக்காரராக மேலே போக வழியில்லாதபோது நடுவர் பணிக்குத் திரும்பினார். 1978-இல் மிட்வெஸ்ட் லீக்கில் தொடங்கிய அவருக்கு மேஜர் லீக்கின் நிரந்தர இடம் கிடைக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின. தடித்த மீசை, அரங்கம் முழுக்கக் கேட்கும் குரல், சந்தேகத்துக்கே இடமில்லாத கைவீச்சு ஆகியவை அவருடைய அடையாளங்கள்.

அந்தப் பதினோரு ஆண்டுகளை நீண்ட காத்திருப்பு என்று சொல்லும்போதே, அதே ஏணியில் ஏறியும் மேலே விடப்படாதவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜாய்ஸுக்கு ஓராண்டு முன்னதாக, 1977-இல், மைனர் லீக்கில் பணியைத் தொடங்கிய பாம் போஸ்டிமா என்ற பெண் நடுவர், மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள் ஏ வரை ஏறிப் பல ஆண்டுகள் அங்கேயே நின்றார். ஜாய்ஸ் நிரந்தரமான அதே 1989-இல் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். பின்னர் பாலினப் பாகுபாடு என்று வழக்கும் தொடுத்தார். அவருக்கும் முன்னால், தபால் துறை வேலையை விட்டுவிட்டு 1951-இல் நடுவராக வந்த எம்மெட் ஆஷ்ஃபோர்டு, மேஜர் லீக்கின் முதல் கறுப்பின நடுவராக 1966-இல் களமிறங்கியபோது அவருக்கு வயது 51. ஒரு பெண் மேஜர் லீக்கின் வழக்கமான சீசன் ஆட்டத்துக்கு நடுவராக நிற்க 2025 ஆகஸ்டு 9 வரை ஆயிற்று. அட்லாண்டாவில் அன்று முதல் பேஸில் நின்ற ஜென் பாவோல் 2016 முதல் மைனர் லீக்கில் இருந்தவர். பதினோரு ஆண்டுகள் என்பது எல்லாம் கூடிவந்த ஒருவருக்கான கணக்கு.

இனி 2010 ஜூன் 2. இடம் டெட்ராய்ட் நகரின் காமெரிக்கா பார்க். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியும் கிளீவ்லாந்து அணியும் ஆடின. டைகர்ஸின் பிட்சர் அர்மாண்டோ கலராகா வெனிசுவேலாக்காரர், மே மாதத்தின் பாதிவரை டொலீடோ நகரின் மைனர் லீக் அணியில் இருந்துவிட்டு அப்போதுதான் மேலே அழைக்கப்பட்டவர். ஒன்பது இன்னிங்ஸில் எதிரணியின் 27 பேட்டர்களையும், ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல், வரிசையாக அவுட்டாக்கினால் அதற்குப் பெர்ஃபெக்ட் கேம் என்று பெயர். நூறாண்டுகளுக்கும் மேலான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை இருபதுதான் நிகழ்ந்திருந்தன. டைகர்ஸ் அணிக்கு ஒன்றுகூட இல்லை. கலராகா 26 பேரை வீழ்த்திவிட்டார். ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பேட்டர் வெகுதூரம் அடித்த பந்தை ஆஸ்டின் ஜாக்சன் ஓடித் துரத்திப் பிடித்தபோதே எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

27-ஆவது பேட்டர் ஜேசன் டானல்டு. அவர் தரையோடு அடித்த பந்து முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையில் போக, முதல் பேஸ் காவலரான மிகுவெல் கப்ரேரா தன் இடத்தை விட்டு விலகி அதைப் பிடித்தார். பேஸில் ஆள் இல்லாததால் பிட்சர் கலராகாவே ஓடிவந்து அங்கே நிற்க, கப்ரேரா அவருக்குப் பந்தை எறிந்தார். பந்தும் கலராகாவின் காலும் பேஸும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் டானல்டின் கால் வந்தது. முதல் பேஸ் நடுவராக நின்ற ஜாய்ஸ் இரு கைகளையும் விரித்து சேஃப், அதாவது அவுட் இல்லை, என்றார்.

முதல் பேஸில் இந்தத் தீர்ப்பை நடுவர்கள் கண்ணால் மட்டும் சொல்வதில்லை. கண்ணைப் பேஸின் மேல் வைத்து, ஓடிவருபவரின் கால் எப்போது படுகிறது என்று பார்த்துக்கொண்டு, பந்து கையுறையில் விழும் ஓசையைக் காதால் கேட்டு இரண்டையும் ஒப்பிடுவதுதான் பழைய முறை. வழக்கமான ஆட்டத்தில் பேஸ் காவலர் ஒரே இடத்தில் காலூன்றி நிற்பார் என்பதால் பார்ப்பதற்கு ஒரே புள்ளிதான். பிட்சர் ஓடிவந்து பேஸைத் தொடும்போது, ஓடுகின்ற இருவரின் கால்களையும் பந்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. காணொளியில் பார்த்தால் இடைவெளி ஓர் அடிக்கும் குறையாமல் தெரிகிறது. இந்த மட்டத்தில் இருக்கும் நடுவர் தவறவிடக்கூடாத தீர்ப்புதான் அது. தன் கண்ணுக்கு டானல்டு முந்தியதாகவே பட்டது என்று ஜாய்ஸ் சொன்னார், வேறு விளக்கம் எதுவும் தரவில்லை.

டைகர்ஸ் மேலாளர் ஜிம் லேலண்டும் ஆட்டக்காரர்களும் வந்து கத்தினார்கள். கலராகா ஒரு புன்னகையோடு திரும்பிப் போய் அடுத்த பேட்டரை அவுட்டாக்கினார், டைகர்ஸ் 3–0 என்று வென்றது. வீடியோ மறுபார்வை அப்போது ஹோம் ரன்னா இல்லையா என்ற சந்தேகத்துக்கு மட்டுமே இருந்தது. எனவே களத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை. நடுவர் அறைக்குப் போய்க் காணொளியைப் பார்த்த ஜாய்ஸ், கலராகாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, கண்ணீரோடு கட்டியணைத்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையனின் பெர்ஃபெக்ட் கேமை நான் கெடுத்துவிட்டேன் என்று நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். யாரும் குறையற்றவர் இல்லை என்று கலராகா சொன்ன பதில் அமெரிக்கா முழுக்கப் பரவியது. லீக் ஆணையர் பட் செலிக் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டதால், அந்த ஆட்டம் இன்றும் பதிவேட்டில் ஒரே ஒரு ஹிட் (பேட்டர் தன் அடியால் பேஸை எட்டுவது) விட்டுக்கொடுத்த ஆட்டமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் நடந்ததைத்தான் எல்லோரும் உருகி உருகி எழுதினார்கள். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஜாய்ஸ் நிற்க, டைகர்ஸின் ஆட்டக்காரர் பட்டியலை லேலண்டு தானே கொண்டுவராமல் கலராகாவின் கையில் கொடுத்தனுப்பினார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி அவர் தோளில் தட்டினார். இந்தக் காட்சியை மன்னிப்பு பற்றிய பாடமாக மட்டும் சொல்லும்போது, அதற்குள் இருக்கும் தொழில் ஒழுங்கு காணாமல் போய்விடுகிறது. நால்வர் குழுவில் ஒவ்வொரு நாளும் இடம் மாறும்: இன்று பிளேட்டில் நின்றவர் நாளை மூன்றாம் பேஸுக்குப் போவார், அடுத்து இரண்டாம் பேஸ், பிறகு முதல் பேஸ், மறுபடி பிளேட். முதல் நாள் முதல் பேஸில் நின்றவர் மறுநாள் பிளேட்டுக்குப் போவது எழுதிவைத்த முறை. விரும்பினால் அன்று ஒதுங்கிக்கொள்ளலாம் என்று லீக் சொன்னதை ஜாய்ஸ் ஏற்கவில்லை. நான்கு இடங்களிலேயே அதிகமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்துக்கு, தூக்கமில்லாத ஓர் இரவுக்குப் பிறகு, அதே மைதானத்தில், அதே இரு அணிகளுக்கு நடுவில் போய் நின்று அந்த ஆட்டத்தை முடித்துக்கொடுத்தார். எனக்கு அந்தக் கண்ணீரைவிட, அதற்குப் பிறகு அன்று அவர் சொன்ன பந்துக்குப் பந்து தீர்ப்புகளே பெரிதாகத் தெரிகின்றன.

அடுத்த சில நாள்களில் ஈஎஸ்பிஎன் இதழ் 100 ஆட்டக்காரர்களிடம், பெயரை வெளியிடாமல், சிறந்த நடுவர் யார் என்று கேட்டது. 53 விழுக்காட்டினர் ஜாய்ஸ் பெயரைச் சொன்னார்கள். அனுதாபமும் அதில் கலந்திருக்கலாம். இருந்தாலும், தங்கள் பிழைப்பே இந்த நடுவர்களின் சொல்லில் இருக்கும் ஆட்டக்காரர்கள், அந்தத் தவறு நடந்த சூட்டிலேயே இப்படிச் சொன்னதை வெறும் இரக்கம் என்று தள்ளிவிட முடியாது. 2012 ஆகஸ்டில் ஃபீனிக்ஸ் மைதானத்தில், ஆட்டத்துக்கு முன்பு சுருண்டு விழுந்த ஓர் ஊழியருக்கு மருத்துவக் குழு வரும்வரை மார்பை அழுத்தி முதலுதவி செய்து உயிர்பிழைக்க வைத்ததும் இவர்தான். நடுவர் தொழிலோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை என்பதால் மேலும் விரித்து எழுதவில்லை.

நான் சொல்ல வந்த தீர்ப்பு 2013 அக்டோபர் 26, உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் வந்தது. செயின்ட் லூயிஸ் நகரில், கார்டினல்ஸ் அணிக்கும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கும் இடையே 4–4 என்று சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பாதி, ஓர் அவுட். கார்டினல்ஸின் யாடியர் மொலினா மூன்றாம் பேஸிலும், காலில் காயம்பட்டுத் தேறிக்கொண்டிருந்த ஆலன் கிரெய்க் இரண்டாம் பேஸிலும் நின்றார்கள். ஜான் ஜே தரையோடு அடித்த பந்தை டஸ்டின் பெட்ரோயா பிடித்து ஹோமுக்கு எறிய, அங்கே மொலினா அவுட். கேட்ச்சர் சால்டலமாக்கியா அதோடு நிறுத்தாமல், மூன்றாம் பேஸுக்கு ஓடிக்கொண்டிருந்த கிரெய்க்கையும் பிடிக்க அங்கே எறிந்தார். பந்து தவறி, மூன்றாம் பேஸ் காவலர் வில் மிடில்புரூக்ஸைத் தாண்டி வெளிக்களத்துக்குப் போயிற்று. பந்துக்காகப் பாய்ந்த மிடில்புரூக்ஸ் தரையில் குப்புறக் கிடக்க, எழுந்து ஹோமுக்கு ஓடத் தொடங்கிய கிரெய்க் அவர்மேல் தடுக்கி விழுந்தார்.

மூன்றாம் பேஸில் நின்றவர் ஜாய்ஸ். அந்தக் கணத்தில் அரங்கில் இருந்த எல்லோருடைய கண்ணும் பந்தோடு வெளிக்களத்துக்குப் போயிருக்கும். பந்து போகும் பக்கம் திரும்பாமல் இருப்பதற்குத்தான் மைனர் லீக்கின் அத்தனை ஆண்டுப் பயிற்சியும். ஜாய்ஸ் உடனே கையை நீட்டித் தடை, அதாவது ஓடுபவரின் வழி மறிக்கப்பட்டது, என்று காட்டினார், ஆனால் ஆட்டத்தை நிறுத்தவில்லை. விதிப்படி அதுதான் சரி: ஓடுபவர்மேல் நேரடியாக அவுட் முயற்சி நடக்காத நேரத்தில் தடை ஏற்பட்டால், நடுவர் சைகை காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட வேண்டும், முடிந்த பிறகு அந்தத் தடை இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்குமோ அதைக் கொடுக்க வேண்டும். கிரெய்க் தட்டுத்தடுமாறி ஹோமை நோக்கி ஓட, வெளிக்களத்திலிருந்து வந்த பந்தால் கேட்ச்சர் அவரைப் பிளேட்டுக்கு முன்பே தொட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரிந்தது அவுட். பிளேட் நடுவர் டேனா டெமூத் மூன்றாம் பேஸில் ஜாய்ஸ் காட்டிய சைகையைப் பார்த்திருந்ததால் சேஃப் என்று அறிவித்தார். ஆட்டம் 5–4 என்று முடிந்தது. உலகத் தொடர் வரலாற்றில் தடை விதியால் முடிந்த முதல் ஆட்டம் அது.

ரெட் சாக்ஸ் தரப்பில் பொங்கி எழுந்தார்கள், அதுவும் இயல்பே. மிடில்புரூக்ஸ் வேண்டுமென்று செய்யவில்லை, தரையில் விழுந்தவர் மாயமாக மறைந்துபோக முடியுமா என்று கேட்டார்கள். விதி இதில் ஈவிரக்கம் காட்டுவதில்லை. பந்தைப் பிடிக்கும் செயலில் இருக்கும்வரை காவலருக்கு அந்த இடம் சொந்தம். பந்து தாண்டிப்போன மறுகணம் அவர் வழியை மறிப்பவர் ஆகிவிடுகிறார், அவர் மனத்தில் என்ன இருந்தது என்பது கணக்கிலேயே வராது. நடுவர்கள் அன்றிரவு நிருபர்கள் முன் உட்கார்ந்து, குழுத் தலைவர் ஜான் ஹிர்ஷ்பெக், டெமூத், ஜாய்ஸ் மூவருமாக இதை விளக்கினார்கள். சில விநாடிகளுக்குள் ஒரு மனிதர் பார்க்க வேண்டியதைப் பார்த்து, அரிதாகவே பயன்படும் விதியை நினைவுக்குக் கொண்டுவந்து, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தாமல் விட்டு, சக நடுவருக்குத் தெரியும்படி சைகையும் காட்டியிருக்கிறார். இதில் எந்த ஒன்று பிசகியிருந்தாலும் ஓர் உலகத் தொடர் ஆட்டத்தின் முடிவே மாறியிருக்கும். நடுவரின் தேர்ச்சி என்று நான் நினைப்பது இதைத்தான். ரெட் சாக்ஸ் அந்தத் தொடரை 4–2 என்று வென்றுவிட்டதால் இந்தத் தீர்ப்பின் முக்கியத்துவம் சீக்கிரமே மங்கிப்போயிற்று என்று தோன்றுகிறது. தொடரின் முடிவு வேறாக இருந்திருந்தால் பாஸ்டன் நகரம் ஜாய்ஸை எப்படி நடத்தியிருக்கும் என்பது வேறு கதை.

இதே தொடரின் முதல் ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் பேஸில் டெமூத் கொடுத்த அவுட் தவறு என்று மற்ற நடுவர்கள் கண்டு, கூடிப் பேசி, அங்கேயே அதை மாற்றினார்கள். வீடியோ இல்லாத காலத்தில் தவறைத் திருத்த இருந்த ஒரே வழி இந்தக் கூட்டம்தான். இது 2010-இல் உதவவில்லை, ஏனென்றால் முதல் பேஸில் கால் முந்தியதா பந்து முந்தியதா என்பதை அங்கே நிற்பவரைவிட நன்றாகப் பார்க்கும் இடத்தில் வேறு எந்த நடுவரும் நிற்பதில்லை.

அடுத்த ஆண்டே, 2014-இல், மறுபார்வை முறை பேஸ்களில் கொடுக்கும் சேஃப், அவுட் தீர்ப்புகளுக்கும் விரிந்தது. மேலாளர் எதிர்த்தால் நடுவர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நியூயார்க்கில் இருக்கும் மையத்தின் பதிலுக்குக் காத்திருப்பார். எதிர்க்கப்படும் தீர்ப்புகளில் ஏறத்தாழ பாதி மாற்றப்படுகின்றன. மாற்றப்பட்ட நடுவரின் பெயர் மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது. ஜாய்ஸ் தன் கடைசி மூன்று சீசன்களை இந்த முறையின் கீழ் முடித்து, 2013-இல் தன்னோடு நின்ற ஹிர்ஷ்பெக்கும் விலகிய அதே வேளையில், 2017 சீசன் தொடங்கும் முன் ஓய்வு பெற்றார். இனிமேல் பிளேட் நடுவரின் தீர்ப்புக்கும் எதிர்ப்பு உண்டு. 2026 முதல் பேட்டரோ பிட்சரோ கேட்ச்சரோ தலையைத் தட்டிக் காட்டினால் கேமராக்கள் பந்தின் பாதையை அளந்து சொல்லும், ஓர் அணிக்கு இரண்டு முறை, வென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும் என்று 2025 செப்டம்பரில் முடிவானது.

தடை விதி போன்றவற்றை இந்தக் கருவிகள் எதுவும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. பந்து எங்கே போயிற்று என்று கேமரா சொல்லிவிடும். பந்தை விட்டுவிட்டுத் தரையில் கிடப்பவரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னமும் மூன்றாம் பேஸில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். இந்த வேலைக்குப் பயிற்சி எடுக்க வரும் இளைஞர்களுக்கு ஜாய்ஸின் காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டுவதென்றால் நான் டெட்ராய்டை விட்டுவிட்டு செயின்ட் லூயிஸைத்தான் போடுவேன்.

ஒரு சின்னத் தகவல் மிச்சமிருக்கிறது. ஜாய்ஸும் கலராகாவும் அந்த இரவைப் பற்றி 2011-இல் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். ஆட்டக்காரரோடு வணிகத் தொடர்பு வைத்திருக்கும் நடுவர் அவருடைய ஆட்டத்தில் நிற்கக்கூடாது என்று லீக் முடிவெடுத்து, ஜாய்ஸைக் கலராகா அப்போது ஆடிய அரிசோனா அணியின் ஆட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது. அந்தத் தவறுக்காக அவர்மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காதவர்கள், நட்பாக எழுதிய நூலுக்காக எடுத்தார்கள். முறைப்படி அது சரியான முடிவுதான், ஒரு நடுவராக ஜாய்ஸுக்கும் அது புரிந்திருக்கும்.